ரயில் இல்லாத ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்

அமெரிக்காவில் ரயிலுக்கென்றே வெளிவரும் மாதப் பத்திரிகை ஒன்றில் துணையாசிரியர் விலகிவிட்டாராம், இடம் காலி. செல்போனில் அந்த அறிவிப்பைக் காட்டிய அக்கா மகன், "மாமா, இது உனக்குன்னே போட்டிருக்கான்" என்றான். எங்கள் கள்ளக்குறிச்சியில் ரயில் நிலையம் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும். மாமன் அமெரிக்கா போனால் தனக்கு ஐபோன் வரும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

கேட்டிருந்த தகுதிகளைப் படிக்கப் படிக்க எனக்கே தெம்பு வந்தது. முதல் தகுதி, ரயில்மேல் தீராத ஆசை. ரயில் ஓடும் ஊர்க்காரனுக்கு அது எங்கிருந்து வரும்? விருத்தாசலத்துக்காரர் கேட் மூடியிருக்கும்போதுதான் ரயிலை நினைப்பார், அதுவும் திட்டுவதற்கு. எங்களைப் பாருங்கள். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் பாதை 2006-07லேயே திட்டத்தில் ஏறிவிட்டது. 2007-ல் சேலம் – விருத்தாசலம் மீட்டர் கேஜ் அகலப்பாதையானது. எங்கள் 16 கிலோமீட்டருக்கோ நில எடுப்பு, அளவுக்கல், ஆய்வு, பேட்டி என்று பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. ரயில் மட்டும் ஓடவில்லை. 2019-ல் தனி மாவட்டமானோம். கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார்; ஸ்டேஷன் மாஸ்டர் வரவில்லை. இதற்குப் பிறகும் ரயிலை நேசிப்பவனை விட்டுவிட்டு வேறு யாருக்குக் கொடுப்பார்கள் அந்த வேலையை?

இரண்டாவது தகுதி, கெடு தவறாமை. அதை வேகமாகப் படித்துவிட்டு மூன்றாவதுக்குப் போனேன்: பத்திரிகையில் நீண்ட காலம் நிலைத்திருக்கும் மனம்.

இந்தத் தொழிலில் முன்னோர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தேன். லண்டனில் 1897-ல் தொடங்கிய 'ரயில்வே மேகசின்' இதழின் முதல் ஆசிரியர் நோக்ஸ். தன் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து அடுக்கி, சேகோன் என்று வைத்துக்கொண்டார். இன்ஜினைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டுவதுபோலத் தன் பெயரையே மாட்டிய மனிதர்! அமெரிக்காவில் 1940-ல் பிறந்த 'டிரெயின்ஸ்' இதழில் டேவிட் மோர்கன் 1953 முதல் 1987 வரை ஆசிரியர். அவர் காலத்தில் நீராவி இன்ஜின் போய் டீசல் வந்தது. 1971-ல் நகரங்களுக்கு இடையே ஓடிய பயணிகள் ரயில்களில் பெரும்பாலானவை ஆம்ட்ராக் கைக்கு மாறின. நாற்காலியில் இருந்தவர் மட்டும் மாறவில்லை. அப்படி ஒருவருக்குக் கீழே துணையாசிரியராகச் சேர்ந்தால் பதவி உயர்வு எப்போது? காத்திருக்க வேண்டும். அட, அதில் எங்களை மிஞ்ச ஆள் ஏது!

விண்ணப்பத்தை மனதுக்குள் எழுதியபடியே ஒரு வேலையாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி கல்வராயன் மலையில் முக்கி முனகி ஏறியது. பக்கத்து சீட்டில் ஒரு மலைவாசிப் பெரியவர். நாட்டுக்கு 1947-ல் வந்த சுதந்திரம், ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த இந்த மலைக்கு 1976-ல்தான் வந்து சேர்ந்தது. 29 வருடம் லேட். தாமதத்தைப் பற்றி இவரிடம் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"ரயில் ஓட்டுற வேலையா தம்பி?"

"இல்லீங்க. ரயிலைப் பத்தி எழுதுற வேலை."

"எழுதறதுக்கு ரயில் வேணுமா?"

யோசித்தேன். "கண்டிப்பா வேணும்னு இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரம் போற? வராத ரயிலைப் பத்தி நம்மூரு பேப்பர்லயே பதினஞ்சு வருசமா எழுதறாங்களே. எழுதி எழுதிக் கை வலிச்சிருக்கும். அங்க போய்க் கேளு, எவனாவது வெலகியிருப்பான்."