மிச்ச மருந்து

வாங்க மருமகனே, திண்ணையில உக்காருங்க. பேரன் காதுல சீழ் வடியுதுன்னும், நீங்களே வைத்தியம் பாத்துட்டீங்கன்னும் உங்க அத்தை சொன்னா. பெரிய ஆளுய்யா நீங்க! அஞ்சரை வருசம் டாக்டருக்குப் படிச்சு, அதுக்கு மேல மூணு வருசம் காது மூக்கு தொண்டைக்குன்னே படிக்கிறாங்க. நீங்க பட்டாசுப் பயராபீஸ்ல போர்மேன் வேலை பாத்துக்கிட்டே அம்புட்டையும் முடிச்சிட்டீங்க.

ஐப்பசி மழையில பெரியவனுக்குச் சளி கட்டினப்ப டாக்டர் எழுதின அமாக்சிசிலின் சிரப்புதானே அது? மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிப்பாட்டி, மிச்சத்தைச் சாமி படத்துக்குப் பின்னால வச்சீங்க. இப்ப மாசியில சின்னவனுக்கு ஊத்துறீங்க. என்ன சிக்கனம்! கடையில வாங்கும்போது அது பொடி. காய்ச்சி ஆறின தண்ணியைக் கோடு வரைக்கும் ஊத்திக் குலுக்கினா ஏழு நாளைக்குத்தான் அது மருந்து, லேபிள்லயே போட்டிருக்கான். நாலு மாசம் கழிச்சு அது வெறும் இனிப்புத் தண்ணி. அதையும் அளவு மூடியைத் தொலைச்சிட்டு, ரசக் கரண்டியில அளந்திருக்கீங்க.

ஏய்யா, பயராபீஸ்ல சாயங்காலம் மிஞ்சின மருந்துக் கலவையை ராத்திரி ரூம்ல வச்சுப் பூட்டச் சொன்னா நீங்க விடுவீங்களா? ஈரம் பட்டா அலுமினியப் பொடி தானாச் சூடேறும், ஆளைத் தூக்கிரும்னு ஊருக்கே பாடம் எடுப்பீங்க. அந்தப் புத்தி வீட்டு அலமாரிக்கு மட்டும் லீவு போட்டிருச்சோ?

சின்னப் புள்ளைக்கு மூக்குக்குப் பின்னாலருந்து காதுக்குப் போற குழாய் குட்டையா, படுத்தாப்புல இருக்கும். சளி பிடிச்சா அது அடைச்சு, உள்ளுக்குள்ள நீர் தேங்கும். வைரஸால வந்த சளிக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது. பாக்டீரியா வந்தா நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ்னு சில பேரு. மருந்து அரைகுறையாப் பட்டா ஏமாளி சாவான், எமகாதகன் பிழைப்பான். நிமோகாக்கஸ், பென்சிலின் வந்து பிடிக்கிற இடத்தையே மாத்தி வச்சிக்கிடும். ஹீமோபிலஸ் ஒரு நொதியைக் கக்கி மருந்தையே உடைச்சுப் போடும். பிறகு அது உங்க வீட்டோட நிக்குமா? ஒரு தும்மல்ல பால்வாடி பூராவும் போயிரும்.

காது ஜவ்வு ஓட்டையாகி, வாரக்கணக்கா ஒழுகுச்சுன்னா அங்க சூடோமோனாஸ் குடியேறியிருக்கலாம். உங்க அமாக்சிசிலின் அவனைப் பிறவியிலருந்தே ஒண்ணும் செஞ்சதில்ல. காதைத் துடைச்சுச் சுத்தம் பண்ணி, டாக்டர் குடுக்கிற சொட்டு மருந்து விடணும். அதுக்கும் அடங்கலைன்னா சீழை எடுத்து லேபுக்கு அனுப்பணும்.

பென்சிலினைக் கண்டுபிடிச்ச ஃப்ளெமிங் 1945-ல நோபல் பரிசு வாங்கினப்பவே ஒரு கற்பனைக் கதை சொன்னாரு. ஒருத்தனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கி, பத்தாத அளவு போட்டான். கிருமி சாகல, பென்சிலினைத் தாங்கப் பழகிக்கிடுச்சு. அது பொண்டாட்டிக்குத் தொத்தி நிமோனியாவாச்சு, மருந்து பிடிக்காம அவ செத்துப் போனா. அந்த ஆளுக்கு ஃப்ளெமிங் பேரு வைக்கல. உங்க பேரை வச்சுக்கிடலாம், கோவிச்சுக்கிடாதீங்க.

உங்க அத்தையும் லேசுப்பட்டவ இல்ல. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெயைக் காய்ச்சிட்டா. எண்ணெய் நம்ம விருதுநகர் பரோட்டாவுக்குச் சரி, ஓட்டைக் காதுக்கு ஆகாதுன்னு பிடுங்கி வச்சிருக்கேன். தீக்குச்சியில பஞ்சைச் சுத்திக் குடையிறதையும் விடுங்க.

மருந்துக்கடையில சீட்டு இல்லாம செஃபிக்ஸிம் கேட்டீங்களாமே? 2014 மார்ச்லருந்து அந்த வகை மருந்துக்குக் கடைக்காரர் தனி ரெஜிஸ்டர் போட்டு, டாக்டர் பேரு, நோயாளி பேரு எழுதி மூணு வருசம் வச்சிருக்கணும். 2016-ல அட்டையில சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதீங்கன்னு மத்திய அரசே சொல்லுச்சு. காலண்டர்ல மை ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிற சிவகாசிக்காரருக்கு அந்தக் கோடு மட்டும் கண்ணுல படல.

இன்னொண்ணு. ரெண்டு வயசு தாண்டின புள்ளைக்குக் காது ஒழுகாம, லேசான வலியும் காய்ச்சலும்தான்னா, 'ரெண்டு நாள் பாப்போம், வலிக்கு மட்டும் பாராசிட்டமால்'னு டாக்டர் சொல்லலாம். ஊசி போடத் தெரியாத டாக்டர்னு அவரைத் திட்டாதீங்க. சின்னவனுக்குச் சீழே வந்திருச்சு, பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. இன்னைக்கே கிளம்புங்க.

போற வழியில உங்க தங்கச்சிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. 2021-லருந்து தமிழ்நாட்டுல நிமோகாக்கஸ் தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒம்பதாம் மாசம். அவ கைப்புள்ளைக்கு ஒம்பது மாசம் ஆயிருச்சு, மூணாவது ஊசி பாக்கி.