நாலு இன்ச் பைப்பின் ராஜ்ஜியம்

சென்னையில் வீடு கட்டுகிறவர் வாஸ்து பார்ப்பார்; வாசலோரம் ஓடும் மழைநீர் வாய்க்காலின் சரிவை மட்டும் பார்க்க மாட்டார். கார் ஏற ஒரு சாய்தளம் வேண்டும், அவ்வளவுதான். அதன் அடியில் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டால், மேஸ்திரி தயாராக இருப்பார்: "நாலு இன்ச் பைப் ஒண்ணு சொருகிடலாம் சார்."

நாலு இன்ச் பைப் குளியலறைக்குப் போதும். தெருவே குளிக்கும் ஐப்பசியில், 12 இன்ச் ஹியூம் பைப்பாவது வேண்டும். விட்டத்தை மூன்றில் ஒன்றாக்கினால் தண்ணீரும் மூன்றில் ஒன்றாகும் என்பது வீட்டுக்காரர் கணக்கு. அதே சரிவில் அது சுமார் 19-ல் ஒரு பங்குதான் என்பது தண்ணீரின் கணக்கு. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு, அடியில் கெட்டித்த படுகை, இரு முனையிலும் சின்னத் தடுப்புச் சுவர் என்று நாம் அடுக்கினால், மேஸ்திரியின் கண்ணில் இரக்கம் தெரியும்.

நீங்கள் ஒழுங்காகவே போட்டாலும், பள்ளத்துப் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட பைப்தான் (அவர் பைப்பே போடாமல் மண்ணைக் கொட்டியிருக்கவும் கூடும்) உங்கள் வாசலில் தேங்கும் தண்ணீரின் ஆழத்தை முடிவு செய்யும்.

அடைத்துக்கொண்டால் பழுதுபார்ப்பும் உண்டு: சாய்தளத்தை உடைப்பார்கள், பிளாஸ்டிக் பைகளை வாரிப் போடுவார்கள், "ஒண்ணும் ஆகல சார், நல்லாத்தான் இருக்கு" என்று அதே பைப்பை மறுபடி வைத்துப் பூசிவிடுவார்கள்.