கொல்லைப்புறக் காலணிகள்: ஒரு பன்முக நோக்கு

1.0 முன்னுரை

தமிழில் செருப்பு குறித்த ஆய்வுகள் போதிய அளவில் நிகழவில்லை. எல்லா ஆய்வேடுகளும் இப்படித்தான் தொடங்குகின்றன என்பதால் இதற்குச் சான்று வேண்டியதில்லை. கொல்லையில் களை பிடுங்கப் போகிறவர் காலில் எதைப் போட்டுக்கொண்டு போவது என்பதே ஆய்வுச் சிக்கல். எதையாவது போட்டுக்கொண்டு போவது நல்லது என்பது கருதுகோள் (மேலது). ‘மேலது’ என்று குறித்துவிட்டால், மேலே எதுவும் இருக்கிறதா என்று எந்தப் புறத்தேர்வாளரும் பார்ப்பதில்லை.

1.1 ஆய்வின் தேவை

வெறுங்காலோடு மண்ணில் நின்றால் உடலுக்கு நல்லது என்பார் உளர். கொக்கிப்புழுவுக்கும் அதே கருத்துதான். அதன் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து, பாதத்தின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறுகிறது. இவ்வளவு தொலைவுக்கும் அது பயணப்படி கேட்பதில்லை என்பதைக் கருத்தரங்குகளுக்குச் செல்வோர் கவனிக்கலாம். முள் குத்திய இடத்தில் மண்ணின் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து காலை வீங்கவைக்கும் நோய்க்கு மருத்துவ நூல்கள் ‘மதுரைக் கால்’ என்றே பெயர் சூட்டியுள்ளன. 1842இல் மதுரையிலிருந்த ஜான் கில் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதினார். மல்லிகைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் பக்கத்தில் இதையும் ஊர்ப்பெருமையாகச் சேர்க்க இதுவரை எந்த அறிஞரும் முன்வரவில்லை.

2.0 வகைப்பாடு

2.1 வெறுங்கால்: காண்க 1.1.

2.2 துணிக் காலணி: நனையும்.

2.3 டயர் செருப்பு: சீமைக்கருவேல முள்ளே தோற்றுப்போகும். மேற்புறம் திறந்தவெளி.

2.4 கம்பூட்ஸ்: ஆங்கிலேயர் இதை வெலிங்டன் பிரபுவின் பெயரால் அழைக்கின்றனர். அவர் போட்டது தோலில் தைத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகுதான், 1850களில், ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் செய்து விற்கத் தொடங்கினார். இவையெல்லாம் மேலைநாட்டார் கூற்று. நம் பெரும்பாணாற்றுப்படையிலோ வணிகர்கள் அடியை மூடும் காப்பணிந்தே வழிநடக்கிறார்கள். வெலிங்டன் என்று பின்னாளில் பெயர்பெற்ற ஆர்தர் வெல்லஸ்லி, 1799ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டணப் போருக்கு முன் சென்னைக்கு வந்திருக்கிறார். வந்தவர் இதைப் பற்றிக் கேள்விப்படாமலா போயிருப்பார்? (இக்கட்டுரையில் இது ஊகம். அடுத்த கட்டுரையில் உண்மை. மூன்றாவதில் இதை மறுப்போர் இனத்துரோகிகள்.)

2.5 ஹவாய் செருப்பு

கொல்லைக்கென்று ஹவாய் செருப்பு வாங்கியவர் தமிழ்நாட்டில் யாரும் இலர். அது படிப்படியாகப் பதவியிறங்கியே கொல்லையை அடைகிறது: முதலில் கடைத்தெரு, பிறகு மொட்டைமாடி, அப்புறம் குளியலறை, கடைசியில் கொல்லை (காண்க: வாசற்படி, இடப்புறம்).

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இறங்கும் வாரின் முனையில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. நாளடைவில் அடித்தட்டின் துளை விரிந்து, ஒவ்வொரு அடிக்கும் குமிழ் மேலே எழும்பிவிடும். அதை மறுபடி உள்ளே அழுத்தி, குமிழுக்கும் தட்டுக்கும் இடையே வாரில் குறுக்காக ஓர் ஊக்கைக் குத்திப் பூட்டுவது தமிழரின் தொன்றுதொட்ட பொறியியல். ஊக்கின் வாய் எத்திசை நோக்க வேண்டும் என்பதில்தான் அறிஞருலகம் பிளவுண்டு கிடக்கிறது.

விரலை நோக்க வேண்டும் என்போர் முன்வாயார். குதிகாலை நோக்க வேண்டும் என்போர் பின்வாயார். நடக்கையில் சேறு முன்னிருந்து பின்னாகத் தேய்வதால் முன்வாய் திறந்துகொள்ளும் என்பது பின்வாயார் வாதம் (எதிர்வீட்டுத் திண்ணை உரை, கிழக்கு மூலை, மாலைப் பதிப்பு). பின்வாய் திறந்தால் வலி முதலில் எங்கே குத்துகிறது என்று தெரியாது, முன்வாய் திறந்தால் உடனே தெரியும், எனவே அதுவே அறிவுநெறி என்பது முன்வாயார் மறுப்பு (சலவைக் கணக்கு நோட்டு, பின்னட்டை, பென்சில் குறிப்பு, பால் பாக்கி நீங்கலாக). இரண்டுமின்றிப் பக்கவாட்டில் குத்தும் இடைவாயாரை இரு சாராரும் பந்தியில் சேர்ப்பதில்லை. ஊக்குக்குப் பதில் ஆணி அடிக்கலாம் என்று ஒரு பிற்காலத்தார் எழுதியது இடைச்செருகல் எனத் தள்ளப்படும் (கறையான் அரித்த சுவடி, எஞ்சிய ஓட்டை எண் 3, அதே ஓட்டையை வேறாகப் படித்தவரின் மறுப்புரை, அம்மறுப்புரைக்கு அவருடைய மருமகனே எழுதிய மதிப்புரை, ஒப்புநோக்குக: அம்மருமகனின் பதவி உயர்வு).

இரு தரப்பும் இதுவரை ஒரு செருப்பையும் திருப்பிப் பார்த்ததில்லை.

2.6 இரும்புமுனைக் காலணி

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15298, இரண்டாம் பகுதியின்படி, பாதுகாப்புக் காலணியின் முனை 200 ஜூல் ஆற்றலுள்ள அடியைத் தாங்க வேண்டும். அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் 20 கிலோ. கொல்லையில் இதற்கு நிகர் நல்ல பலாப்பழம். மட்டையோடு ஒன்றரைக் கிலோ தேங்காய் 15 மீட்டரிலிருந்து விழுந்தாலோ 220 ஜூல், காலணி தோற்கும். ஆயினும் அத்தேங்காய் பெரும்பாலும் தலையைக் கடந்துதான் காலுக்கு வர வேண்டும் என்பதால் இது தலைக்கவச ஆய்வாளரின் எல்லைக்குள் அடங்கும்.

3.0 அளவு

நம் கடைகளில் 7, 8 என்று சொல்லும் எண்கள் ஆங்கிலேயரின் வாற்கோதுமைக் கணக்கு. ஒரு நம்பர் கூடினால் ஒரு மணி நீளம், அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நெல் விளையும் நாட்டில் வாற்கோதுமையால் காலை அளப்பது பற்றி இன்னும் ஒரு கண்டனக் கூட்டமும் நடைபெறவில்லை.

4.0 விலக்கப்பட்ட தரவு

களப்பணியின்போது தோட்டவேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பாத்தி வெட்டிக்கொண்டே அவர் சொன்னது: “மம்பட்டி நம்ம பக்கமாத்தான் சார் வரும். அதனால விரலுக்கு மேல கெட்டியா மூடியிருக்கணும். அடி தடியா இருக்கணும், பின்னால கழலக் கூடாது. சாயங்காலமாப் போயி போட்டுப் பாத்து வாங்குங்க, பொழுது சாயச் சாய கால் கொஞ்சம் உப்பும். ரப்பர் பூட்ஸுன்னா உள்ள பருத்தி சாக்ஸ் போடுங்க, இல்லைன்னா வேர்த்து ஊறிப்போயிரும். வேலை முடிஞ்சதும் கழுவி, குச்சியில கவுத்து வைங்க. மறுநாள் போடுறதுக்கு முன்னாடி நல்லாத் தட்டுங்க, தேளு கெடக்கும்.”

மண்வாரியைக் காலால் மிதித்து இறக்கும் நாட்டாருக்குப் பாதத்தின் நடுவளைவில் வலு வேண்டும், மண்வெட்டியைத் தன் பக்கம் இழுப்போருக்கு விரல்முனையில் வலு வேண்டும் என்ற வேறுபாடு இதில் ஒருவாறு பெறப்படுகிறது. ஆயினும் பேசியவர் மேற்கோள் எதுவும் காட்டவில்லை. முனைவர் பட்டமும் இல்லை. காலில் எல்லா விரலும் இருந்தன என்பது தவிர அவருடைய தகுதிக்கு வேறு சான்று கிட்டாமையால் இத்தரவு முற்றிலும் விலக்கப்பட்டது.

5.0 மேலாய்வுக்குரிய களங்கள்

கொல்லையில் விட்ட ஜோடியில் எப்போதும் ஒன்றுமட்டும் காணாமற்போவது ஏன், அதில் நாயின் பங்கு எத்தகையது என்பது விரிவான ஆய்வுக்குரியது. இதற்கு ஐந்தாண்டு நிதிநல்கை கோரப்பட்டுள்ளது. முதற்கட்டமாக நாய் வாங்கப்படும். செருப்பை ஆய்வாளரே கொண்டுவருவார்.