மாட வீதி முதல் மறுமை வரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நம்பிக்கை, அடையாளம், பிறவியின் பயன் போன்ற பெரிய பொருள்களைப் பேசும் நூல்களைப் படித்து எவரேனும் மாறியதுண்டா? (பெசன்ட் நகர் வாசகர்)

பதில்: கேட்டவர் குடியிருக்கும் பேட்டையின் பெயரிலேயே விடை இருக்கிறது. லண்டனில் கடவுள் மறுப்பாளராகப் பேரெடுத்திருந்த அன்னி பெசன்ட், 1889இல் ஒரு நாளிதழுக்கு மதிப்புரை எழுதித் தருவதற்காக பிளாவட்ஸ்கி அம்மையாரின் ‘இரகசியக் கோட்பாடு’ என்னும் பெருநூலைப் படித்தார். படித்து முடித்தவர் நூலாசிரியரையே தேடிச் சென்று, எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே மெய்ஞ்ஞானம் உண்டு என்று கொள்ளும் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893இல் இந்தியா வந்து, 1907 முதல் 1933இல் மறையும் வரை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சபையின் தலைவராக விளங்கினார். மதிப்புரைக்கு வரும் நூல்களை முன்னுரையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் பத்திரிகை உலகில் வேரூன்றியதற்கு இப்படிப்பட்ட விபத்துகள் பற்றிய அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: வேற்றுச் சமய நூலைப் படித்தால் சொந்தச் சமயத்தில் பிடிப்புப் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிக்கிறார்களே? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: அந்த எச்சரிக்கை மெய்யாக இருந்திருந்தால், தமிழின் ஐம்பெருங்காப்பியங்களில் எஞ்சிய சிலவும் செல்லுக்கு இரையாகியிருக்கும். திருவாவடுதுறை ஆதீனத்துச் சூழலில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு வளர்ந்த சைவரான உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்திருந்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா முதலிய பிரபந்தங்களின் பட்டியலை ஐயர் ஒப்பித்தார். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். அவர் கொடுத்தனுப்பிய சீவக சிந்தாமணிப் பிரதியைப் பிரித்தபோதுதான், அதுவரை கற்ற கல்வி அந்நூலின் வாசற்படியைத் தாண்ட உதவவில்லை என்பது ஐயருக்குப் புலப்பட்டது.

திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய அக்காப்பியம், சீவகன் என்ற அரசன் எட்டு மணம் புரிந்து இறுதியில் துறவு பூண்ட கதையைச் சொல்வது. எட்டுத் திருமணங்களுக்குப் பின் ஒருவர் துறவை நாடுவதில் இல்லறத்தாருக்கு விளங்காத மர்மம் ஒன்றுமில்லை. உயிர், வினை, வீடுபேறு ஆகியவற்றைப் பற்றிய சமணக் கொள்கைகளும், அவற்றுக்கென்றே வழங்கும் குறியீட்டுச் சொற்களும்தாம் விளங்கவில்லை. ஐயர் செய்ததை இன்றைய வாசகர்கள் கவனிக்க வேண்டும். விளங்காத இடத்தைத் தம் சமயத்துக்கு ஏற்றபடி வளைத்துப் பொருள் சொல்லிவிட்டு நகராமல், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவர் முதன்முதலாகப் போன நாளில் அந்த வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் திருமணமன்று, மாதக்கணக்காக நடந்துவந்த சிந்தாமணிப் பாடம் அன்றுதான் நிறைவுற்றிருந்தது. வெளியுலகம் மறந்துவிட்ட நூலாகக் கருதப்பட்டது அந்தத் தெருவில் தோரணம் கட்டிக் கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தது. அவருடைய ஆர்வத்தைக் கண்ட ஒரு சமணப் பெண்மணி அவரைப் பவ்வியர், அதாவது வீடுபேற்றுக்குப் பக்குவப்பட்ட உயிர், என்றே எண்ணினார் என்பது ‘என் சரித்திர’த்தில் பதிவாகியிருக்கிறது.

சிந்தாமணி 1887இல் அச்சேறியது. அடுத்து மணிமேகலை வந்தபோது கேட்பதற்கு அருகில் பௌத்தர்களே இல்லை. ஆகவே பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைக் கற்றறிந்த மளூர் ரங்காசாரியாரிடம், ஒரு வைணவரிடம், அந்தச் சைவர் பாடம் கேட்டு, 1898இல் பௌத்தக் காப்பியத்தைப் பதிப்பித்தார். வாசகர்களும் தம்மைப் போல் திண்டாடக்கூடாது என்று புத்தர் வரலாற்றையும் அறத்தையும் சங்கத்தையும் விளக்கும் பகுதிகளையும் எழுதிச் சேர்த்தார். 1942இல் மறையும் வரை அவர் நெற்றியில் திருநீறு அழியவில்லை. எச்சரிக்கும் பெரியவர்களிடம் அவருடைய படம் ஒன்றைக் காட்டிவிடுவது வாதத்தைச் சுருக்கும்.

கேள்வி: புத்தகக் கடையில் ‘ஆன்மிகம்’ என்ற அடுக்கில் உபநிடதத்துக்குப் பக்கத்தில் ராசிபலனும் வாஸ்துவும் இருப்பது ஏன்? (தியாகராய நகர் வாசகர்)

பதில்: முதலாவது வாழ்க்கையின் பொருள் என்ன என்று கேட்கிறது; மற்ற இரண்டும் வாழ்க்கையில் பொருள் எப்போது வரும் என்று சொல்கின்றன. ரங்கநாதன் தெருவின் நெரிசலில் நீந்திக் கரையேறிய ஒருவருக்கு எது அவசரமானது என்பதைக் கடைக்காரர் அறிவார்.

கேள்வி: எவரையும் பின்பற்ற வேண்டாம் என்று ஜே. கிருஷ்ணமூர்த்தி சொன்னதைப் பின்பற்றலாமா? (அடையாறு வாசகர்)

பதில்: இந்தச் சிக்கல் அவருக்கே தெரிந்திருந்தது. 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் சபையைச் சேர்ந்த லெட்பீட்டரின் கண்ணில் பட்ட அந்தச் சிறுவனை உலகாசிரியராக, அதாவது யுகத்துக்கு ஒருமுறை தோன்றி வழிகாட்டுபவராக, வளர்ப்பதென்று பிரம்மஞான சபையினர் முடிவு செய்தனர். 1911இல் அதற்கென்றே ஓர் அமைப்பு உருவாயிற்று. மகனைத் திருப்பித் தரும்படி தந்தை சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றதும், லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை 1914இல் தள்ளியதும் இடையில் நடந்த தனிக்கதை. 1929 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஓமன் நகரில், ஆயிரக்கணக்கான அடியவர்கள் முன்னிலையில், அந்த அமைப்பை அவரே கலைத்தார். பதவியைத் துறந்த தலைவர்களைப் பற்றிக் கேள்விப்படுவதே அரிதாகிவிட்ட நாட்டில், அவதாரப் பதவியைத் துறந்தவரின் நூலை அந்த ஒரு செயலுக்காகவேனும் படிக்கலாம். ஆற்றின் தென்கரையில் அவரைக் கண்டெடுத்த சபை இன்றும் இருக்கிறது. வடகரையில், கிரீன்வேஸ் சாலையில், அவர் தங்கிப் பேசிய வசந்த விஹார் இருக்கிறது. அதே சாலையின் ஒரு பகுதி கிறிஸ்தவ நற்செய்தியாளர் டி. ஜி. எஸ். தினகரனின் பெயரைத் தாங்குகிறது. மாநகராட்சி இதை உத்தேசித்துச் செய்திருக்காது.

கேள்வி: அடையாளம், சுயம் என்பவையெல்லாம் பல்கலைக்கழகத்தார் அண்மையில் இறக்குமதி செய்த பேச்சுதானே? (ராயப்பேட்டை வாசகர்)

பதில்: கேட்டவர் தம் தெருவின் வரலாற்றை விசாரித்திருந்தால் தபால் செலவு மிஞ்சியிருக்கும். ராயப்பேட்டையில் சித்த மருத்துவராக இருந்த அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் முன்னாளில் பௌத்தர்களாக இருந்தவர்கள், அப்பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது தாழ்த்தப்பட்டவர்கள் என்ற கருத்தை முன்வைத்தார். ‘பூர்வ பௌத்தர்’ என்னும் பெயர் அதைக் குறிப்பது. மணிமேகலை அச்சான அதே 1898இல், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிய அவர், ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய வார இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையைப் பெயரிலேயே சொல்லிவிட்டதால் பேரம் பேச இடமிருக்கவில்லை. ஓராண்டில் பைசா உதிர்ந்து ‘தமிழன்’ மட்டும் நின்றான்.

அதே 1907இல், அறிவியல் கற்பித்த பேராசிரியரான லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை விளக்கும் ஆங்கில நூலைச் சென்னையிலிருந்து வெளியிட்டார். 1948இல் அம்பேத்கரே முன்னுரை எழுதி அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அவர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்தே. ஐயர் மணிமேகலையைக் காப்பியமாக மீட்ட நேரத்தில், பண்டிதர் அதே பழந்தமிழ் நூல்களில் தம் மக்களின் பறிபோன பட்டாவைத் தேடினார். பண்டிதரின் சொல்லாராய்ச்சியில் இன்றைய ஆய்வாளர் ஏற்காதவை உண்டு. ஆனால் ‘நீ யார்’ என்று பிறர் எழுதி வைத்த விடையை அடித்துத் திருத்தும் துணிவோடு படித்தவர்கள் வேறு பலர் இல்லை.

கேள்வி: தத்துவ நூலைத் திறந்தால் தூக்கம் வருகிறது. நாவல் படித்தால் போதாதா? (மந்தைவெளி வாசகர்)

பதில்: போதும், ஆனால் தூக்கம் கெடும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’, செகந்திராபாத்தில் வளரும் தமிழ்ப் பையன் ஒருவனுக்கு, நிஜாமின் ஆட்சி முடியும் 1948ஐ ஒட்டிய கலவரங்களுக்கு நடுவே, தான் எந்தப் பக்கம் என்பது திடீரென்று கேள்வியாவதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறது. சமய வாதங்களை நேராகவே பார்க்க விரும்புவோருக்கு 1997இல் வந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ இருக்கிறது. மல்லாந்து படுத்து மார்பில் வைத்துப் படிப்பதற்கு உகந்த கனமன்று.

கேள்வி: மனத்தைப் புண்படுத்தும் நூல் கையில் கிடைத்தால் என்ன செய்வது? (ஆழ்வார்பேட்டை வாசகர்)

பதில்: பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்துவிட்டது, பிடிக்காத நூலை மூடி வைக்கும் உரிமை வாசகருக்கு எப்போதும் உண்டு என்பதும், எழுத்தாளர் எழுதலாம் என்பதும் அதன் சாரம். மூடி வைப்பதற்கு முன் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தீர்ப்பில் சேர்த்திருந்தால் வழக்குகள் பாதியாகக் குறைந்திருக்கும்.

கேள்வி: வீட்டில் தொலைக்காட்சித் தொடர் ஓயாமல் ஓடுகிறது. இப்படிப்பட்ட நூல்களை எங்கே உட்கார்ந்து படிப்பது? (கோட்டூர்புரம் வாசகர்)

பதில்: பேருந்துப் பயணத் தொலைவிலேயே இடங்கள் உண்டு. 1886இல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம் வடமொழிச் சுவடிகளுக்குப் பெயர்பெற்றது. 1943இல் நிறுவப்பெற்ற உ. வே. சா. நூலகம் பெசன்ட் நகரில் ஐயர் தேடித் திரட்டிய ஏடுகளைக் காத்துவருகிறது. கேட்டவர் வீட்டருகே, 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூலைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் விடிந்ததும் போய் இடம் பிடிக்க வேண்டும், ஏனெனில் அங்கு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு வாழ்வின் பெரிய கேள்வி குரூப் 2 தேர்வில் வரப்போவது.

கேள்வி: பற்றின்மை பற்றிய அருமையான நூலை நண்பர் இரவல் வாங்கிச் சென்று ஓராண்டாகிறது, திருப்பித் தரவில்லை. (திருவான்மியூர் வாசகர்)

பதில்: நண்பர் அதைப் படித்திருக்க மாட்டார், படித்திருந்தால் தந்திருப்பார். லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. முதல் பக்கத்தில் உரிமையாளரின் பெயரும் கையெழுத்தும் இருந்தால் பேரம் பேச வசதியாக இருக்கும்.