இப்பவே கிளம்பினா சரியா இருக்கும்

ஊர் சுற்றுவது என்றால் சிலருக்குத் திரும்பி வருவதுதான். ஓரிடத்துக்குப் போகாமல் அங்கிருந்து திரும்ப முடியாதே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் போகிறார்கள். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அவர் ஹாரோவில் இருக்கிறார், என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் என்பதெல்லாம் இங்கே வேண்டாத விவரம்.

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு விடியற்காலையிலேயே கிளம்பியாக வேண்டும். கூட்டம் சேருவதற்குள் போய்விட வேண்டுமாம். போய் இறங்கினால் ஒரு கடை திறந்திருக்காது. கடல் மட்டும் திறந்திருக்கும். நாம் கடலைப் பார்ப்போம். இவர் போனில் நெடுஞ்சாலை டிராஃபிக் மேப்பைப் பார்ப்பார்.

"எம் 23 பச்சையா இருக்கு தம்பி. ரெண்டு மணிக்கு மேல செவந்துரும். எம் 25-ல ஹீத்ரோ பக்கம் கேக்கவே வேணாம். இப்பவே கிளம்பினா சரியா இருக்கும்."

அப்போது மணி காலை எட்டரை.

நாங்கள் போன அன்று முழுக்க அந்த மேப்தான் அவருக்குக் கடல். வழியில் கிராலி பக்கம் ஒரு சிவப்புக் கோடு தெரிந்துவிட்டால் போதும், "நான் சொல்லல?" என்று முகம் மலர்ந்துவிடும். 1899-இல் திறந்த பேலஸ் பியர் என்ற பாலம் கடலுக்குள் அரைக் கிலோமீட்டர் நீள்கிறது. பாதியிலேயே நின்றுவிட்டார். "கடைசி வரைக்கும் போனா அங்கேருந்து திரும்பி நடக்கணும்ல?" குழந்தைகள் ராட்டினத்தில் ஏறினால், எத்தனை சுற்று என்று ஆபரேட்டரிடம் விசாரிப்பார். சிப்ஸைக் கடற்காகம் தட்டிக்கொண்டு போனபோது வருத்தமே படவில்லை. சாப்பாடு சீக்கிரம் முடிந்ததே! அந்த ஊரில் அவர் மனம்விட்டுப் பாராட்டியது ஒன்றைத்தான்: 1883 முதல் கடற்கரையோரம் ஓடும் வோல்க்ஸ் மின்சார ரயில். கொஞ்ச தூரம் போய், போன வழியே திரும்பி வந்துவிடுகிறது.

ராயல் பெவிலியனுக்குள் போகலாம் என்றாள் என் மனைவி. ஜான் நாஷ் நம் நாட்டுக் குவிமாடங்களைப் பார்த்த மாதிரியே கட்டிய ராஜா வீட்டு மாளிகை. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அது ஆஸ்பத்திரியாக இருந்தது. மதம், சாதி பார்த்துத் தனித்தனியாகச் சமையற்கட்டுகூட வைத்துக்கொடுத்தார்கள். இவர் வாசலிலேயே, "வெளியேருந்தே நல்லாத் தெரியுதே" என்று முடித்துவிட்டார். கட்டுப்போட்ட காலோடு வந்த சிப்பாய்கூட இவரைவிட நிதானமாகப் பிரைட்டனைப் பார்த்திருப்பான்.

இதெல்லாம் போகட்டும். மாமியார் விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாத விசாவில் வந்தவர். குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். பிரைட்டன் கரையில் மணல் கிடையாது, கூழாங்கல்தான். குத்தக் குத்த மெதுவாக நடந்து போய், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைய நின்றார். நிற்கட்டுமே! இவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்.

"அத்தை, பார்க்கிங் டைம் முடியப் போகுது."

"சரிங்க மாப்பிள்ளை."

மறுபேச்சில்லாமல் கரையேறிவிட்டார். காருக்கு வந்ததும் பார்க்கிங் சீட்டைப் பார்த்தேன். மாலை ஆறு மணி வரை பணம் கட்டியிருந்தது.

நாலு மணிக்கு வீட்டில் இருந்தோம். ஜூன் மாதம், அங்கே சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அப்படி மிச்சம் பிடித்த நேரத்தில் மனிதர் என்ன செய்தார் என்கிறீர்கள்? சோபாவில் குறட்டை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து ரயிலில் போங்கள். லண்டன் விக்டோரியாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்தான். இரவு வெகுநேரம் வரை திரும்பி வர வண்டி உண்டு. முக்கியமாக, கார் சாவி அவர் பாக்கெட்டில் இருக்காது.