மூக்குக்குள் கேமரா

மூக்குக்குள் கேமராவை விட்டு சைனஸ் ஆபரேஷன் செய்கிறார்களாமே! அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

வாசல்! முன்பெல்லாம் மேலுதட்டுக்கு உள்ளே, ஈறுக்கு மேல் கீறி, கன்ன எலும்பைத் துளைத்து, சளி வடிய மூக்குக்குள் புதுவழி போட்டார்கள். சளி அதைச் சட்டை செய்யவே இல்லை. சைனஸுக்குள் இருக்கும் நுண்ணிய முடிகள் சளியை எப்போதும் இயற்கையான துவாரத்தை நோக்கியே தள்ளும் என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் காட்டினார். அதனால்தான் இன்று அடைபட்ட அந்த வழியையே திறந்துவிடுகிறார்கள். முகத்தில் தழும்பும் இல்லை.

மெல்லிய எலும்புக்கு அப்பால் கண், மேலே மூளை. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் சி.டி. ஸ்கேன் கேட்டால், செலவு என்று தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.