தேய்மானமும் தீர்மானமும்

தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் சுழலும் பந்துக் கிண்ண மூட்டில், இரண்டுக்கும் உறையாக அமைந்த வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும்போது, தலையை வெட்டி நீக்கி, குழியைச் செதுக்கி, செயற்கைப் பந்தையும் கிண்ணத்தையும் பொருத்துவதே இடுப்பு மூட்டு மாற்று அறுவை எனப்படும். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் விரைவில் தேய்ந்து சுற்றியுள்ள திசுக்களையும் கெடுத்தமையால், அவர் 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார்; டெஃப்லானைத் தம் தொடையிலேயே வைத்துச் சோதித்தும் பார்த்தார்.

தம் தொடையைக் கொடுக்க அவருக்கு எவரிடமும் அனுமதி தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. நம்மூர் நோயாளிக்கோ மருத்துவரின் கருத்தைக் காட்டிலும், முழங்கால் மாற்றிக்கொண்ட சின்ன அத்தையின் சாட்சியமே (முழங்கால் வேறு, இடுப்பு வேறு என்பது அங்கே எடுபடாது) முதன்மையான சான்றாகிறது. எக்ஸ்ரே படத்தில் தெரியும் தேய்வைவிட, வலி தூக்கத்தையும் நடையையும் எவ்வளவு கெடுக்கிறது என்பதே முடிவுக்கு உரைகல் என மருத்துவர் விளக்க, கால்நகத்தை மகனிடம் வெட்டக் கொடுத்து, மழையில்லா நாளிலும் குடையை ஊன்றி நடந்து, கேட்போரிடம் "வெயிலுக்கு" என்று சொல்பவர், அப்படியொன்றும் பெரிய வலியில்லை என்கிறார். ஆடி போகட்டும் என்றும், பின்பு தீபாவளி கழியட்டும் என்றும் நாள் தள்ளப்படுகிறது. கடைசியில், புதிய மூட்டு பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்று தேற்றப்படும் 78 வயதுக்காரர், "அதற்கப்புறம் என்ன செய்வது?" என்று கவலையோடு கேட்கிறார்.